நோய் நாட்களின் கூலி

வைத்தியச் செலவு என்றால் நம்மில் பலருக்கும் மருந்துக் கடைச் சீட்டும் மருத்துவமனைக் கட்டணமுமே நினைவுக்கு வருகின்றன. கையை விட்டுப் போகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. கைக்கு வராமலே போய்விடும் பணம் தெரிவதில்லை. தறி நின்ற பதினைந்து நாட்களின் கூலியை எந்த மருத்துவமனையும் பட்டியலில் எழுதிக் கொடுப்பதில்லை. நடவு நேரத்தில் குடும்பத் தலைவர் படுத்துவிட, பருவம் தவறி நட்ட பயிரில் குறைந்துபோன மகசூலை எவரும் வைத்தியக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும் நெசவுக் குடும்பத்தையும் வேளாண் குடும்பத்தையும் பெரிதும் வாட்டுவது இந்த இரண்டாவது இழப்பேயாகும். இதை ஈடு செய்யும் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்க வேண்டும், ஏற்கவும் இயலும் என்பது எமது கருத்து. அதற்கான ஆதாரங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இவ்விஷயத்தில் நமக்கு நேராகப் பயன்படும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. பால் கெர்ட்லர், ஜோனதன் குரூபர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தோனேசியக் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். குடும்பத்தில் ஒருவர் கடும் நோயுற்றால் அக்குடும்பத்தின் உணவு முதலிய அன்றாடச் செலவுகள் எவ்வளவு சுருங்குகின்றன என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. சேமிப்பு, கடன், உறவினர் உதவி, பிள்ளைகளின் உழைப்பு ஆகிய எல்லா ஊன்றுகோல்களையும் கொண்டு ஒரு குடும்பம் தன்னை எவ்வளவு தூரம் தாங்கிக்கொள்கிறது என்று அவர்கள் அளந்தார்கள். உடலின் இயக்கத்தைப் பாதிக்காத சிறு நோய்களைக் குடும்பங்கள் முழுவதுமாகச் சமாளித்துக்கொண்டன. ஓரளவு இயக்கத்தைக் குறைக்கும் நோயானால் அதன் இழப்பில் 71 சதவிகிதத்தை ஈடுகட்டின. எழுந்து நடமாடவே இயலாதபடி செய்யும் நோய் வந்தபோதோ 38 சதவிகிதத்தை மட்டுமே ஈடுகட்ட முடிந்தது. எஞ்சியது குடும்பத்தின் வயிற்றிலிருந்தே பிடிக்கப்பட்டது என்று பொருள்.

இந்த ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு நமக்கு இன்னும் முக்கியமானது. இத்தகைய நோய்களால் ஏற்பட்ட பொருள் இழப்பில் மருத்துவத்துக்குச் செலவழிந்த தொகையைவிட, வருமானம் நின்றதால் ஏற்பட்ட இழப்பே அதிகம் என்று அவர்கள் கண்டார்கள்.

மாறுபட்ட முடிவும் இதற்கு முன்பே ஒன்று இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ராபர்ட் டவுன்செண்ட் என்ற அறிஞர் 1994-ஆம் ஆண்டில், நம் நாட்டின் கிராமங்களைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், மகாராஷ்டிரத்திலும் அப்போதைய ஆந்திரப் பிரதேசத்திலும் உள்ள கிராமங்களில் 1975 முதல் பல்லாண்டுகள் வீடு வீடாகத் திரட்டிய கணக்குகளே அவருக்கு மூலம். தனி ஒரு குடும்பத்துக்கு வரும் நோயோ வேலையின்மையோ அக்குடும்பத்தின் நுகர்வை அதிகம் பாதிப்பதில்லை, ஊர் முழுவதும் வாடும்போதே அதுவும் வாடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. கிராமத்தின் கொடுக்கல் வாங்கலும் உற்றார் உறவினரின் கைமாற்றும் அவ்வளவு வலியவை என்று இதிலிருந்து பலர் மகிழ்ந்தனர்.

இரண்டு முடிவுகளும் எப்படிப் பொருந்தும்? விடை, நோய் என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வியில் அடங்கியிருக்கிறது. "கடந்த மாதம் உங்களுக்கு நோய் இருந்ததா?" என்று கேட்டால் சளிக்காய்ச்சலும் பக்கவாதமும் ஒரே கணக்கில் ஏறும். மேலும் இக்கேள்விக்கு வரும் விடை கேட்கப்படுபவரின் வசதியையும் கல்வியையும் பொறுத்து மாறும். இந்திய மாநிலங்களுள் ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் தமக்கு நோய் இருப்பதாகக் கூறுவோரும் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிக் கூறுவோர் குறைவு என்பதை அமர்த்தியா சென் 2002-இல் சுட்டிக்காட்டினார். வைத்தியரைக் கண்டறியாதவன் தன் வலியை நோய் என்று எண்ணுவதில்லை. பிழைப்பின் ஒரு பகுதி என்றே எண்ணிக்கொள்கிறான். நம் குழித்தறிகளில் இருபது ஆண்டுகள் அமர்ந்தவரிடம் முதுகு வலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். "அது இல்லாமலா?" என்று சிரிப்பார்; நோய் உண்டா என்றால் இல்லை என்பார். இந்தோனேசிய ஆராய்ச்சியாளர்கள் இக்காரணத்தால் கேள்வியையே மாற்றினார்கள். நெடுந்தூரம் நடக்க முடிகிறதா, பாரம் தூக்க முடிகிறதா, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடிகிறதா என்பது போன்ற கேள்விகளைக் கொண்டு உடலின் செயல்திறனை அளந்தார்கள். அப்படி அளந்தபோதுதான் கைமாற்றும் உறவும் எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பது வெளிப்பட்டது. நான்கு நாள் காய்ச்சலுக்கு அண்டை வீட்டார் கை கொடுப்பர். நான்கு மாதப் படுக்கைக்குக் கொடுக்க அவர்களிடமும் இல்லை.

நெசவுத் தொழிலில் இது இன்னும் கூர்மையாகிறது. நம் கூலி நாட்கூலியன்று. நெய்த சேலைக்குத்தான் கூலி. மிதியை மிதிக்கக் காலும் பாவைப் பார்க்கக் கண்ணும் ஒத்துழைக்காத நாளில் வருமானம் பாதியாவதில்லை, அறவே இல்லையாகிறது. அதோடு தறி ஒருவர் உழைப்பால் ஓடுவதுமன்று. மனைவி தார் சுற்றித் தந்தால்தான் கணவர் நெய்ய முடியும். அவர் படுத்தால் நூற்சிட்டம் மூலையிலேயே கிடக்கும். இவர் உடல் நலமாக இருந்தும் தறி நிற்கும். ஆகவே ஒருவரது நோய் இருவரது வேலை நாளை உண்கிறது. கூலிப் புத்தகத்தில் பெயருள்ளவரின் நோயை மட்டும் கருதும் எந்த ஏற்பாடும் இதில் பாதியைத் தவறவிடும்.

இப்போது நமக்குள்ள பாதுகாப்பு யாது? தமிழகத்தில் 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்துவரும் ஏற்பாடு மிகப் பெரிய உதவியாகும். 2018-இல் மைய அரசின் திட்டத்தோடு இணைந்த பின், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. இருதய அறுவைச் சிகிச்சைக்கு நிலத்தை விற்ற காலம் இதனால் பெரிதும் மாறியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் தொண்டும் சிறியதன்று. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவிகிதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவிகிதமாக இறங்கியதென மைய அரசின் தேசியச் சுகாதாரக் கணக்கு கூறுகிறது.

ஆனால் இக்காப்பீடுகள் யாவும் படுக்கையில் சேர்ந்த நோயாளிக்கு உரியவை. வெளியே நின்று மருந்து வாங்கும் நோயாளிக்கும், வீட்டில் கிடக்கும் நோயாளியின் நின்றுபோன கூலிக்கும் அவற்றில் இடமில்லை. 2008-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. குடும்பங்கள் தம் கையிலிருந்து செய்யும் செலவு இதனால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2017-இல் வெளியான மதிப்பீடு கண்டது. கைத்தறி நெசவாளருக்கென மைய அரசு 2005-இல் ஏற்படுத்திய காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாயும், அதில் புறநோயாளிச் சிகிச்சைக்கென 7,500 ரூபாயும் ஒதுக்கப்பட்டிருந்தன. தொகை சிறிதெனினும் அத்திட்டத்தை வகுத்தவர் நெசவாளரின் நோய் எத்தகையது என்பதை அறிந்திருந்தார். அத்திட்டம் பின்னர் முடிவுற்றது.

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் கூட்டுறவாளர்கள் செய்த பரிசோதனையை நாம் இன்னும் கவனமாகப் படித்திருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே யசஸ்வினி என்ற திட்டம் செயல்படத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராக இருப்பதே அதில் சேரத் தகுதி. மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தா. சங்கக் காரியதரிசிகளே சந்தாவை வசூலித்தார்கள். முதல் ஆண்டில் ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். வீடு வீடாக முகவர்களை அனுப்பி அவ்வளவு பேரைத் திரட்ட எந்தத் தனியார் கம்பெனிக்கும் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டால், ஊர்தோறும் ஒரு சங்கமும் அதற்கொரு பேரேடும் இருப்பதன் மதிப்பு விளங்கும். இத்திட்டத்தை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, அங்கத்தினர்கள் முன்னைவிடச் சிகிச்சை பெறத் தயங்கவில்லை என்றும், அறுவைச் சிகிச்சைக்காகக் கடன் வாங்குவது குறைந்தது என்றும் கண்டது.

குறைகளும் இருந்தன. மூன்றாம் ஆண்டில் சந்தா 120 ரூபாயாக்கப்பட்டவுடன், 20 லட்சத்தை எட்டியிருந்த அங்கத்தினர் தொகை 15 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. விலகியவர் பெரும்பாலும் நலமாயிருப்போர், நின்றவர் நோயுள்ளோர் என்றால் நிதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் அத்திட்டம் மாநில அரசின் பொதுத் திட்டத்தில் கரைக்கப்பட்டது. கூட்டுறவாளர் மீண்டும் கேட்டதன் பேரில் 2022-23-இல் புத்துயிர் பெற்றது. இவற்றினும் பெரிய குறை, அதுவும் அறுவைச் சிகிச்சைக்கே பணம் தந்தது என்பதாகும். வயிற்றைக் கிழித்துத் தைத்ததற்குக் கட்டணம் கிடைத்தது. தையல் ஆறும் வரை வயலுக்குப் போகாத நாட்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களுக்குப் பணம் தருவது புதுமையான எண்ணமா? இல்லவே இல்லை. ஜெர்மனியில் 1883-இல் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு மூன்றாம் நாள் முதல் பதின்மூன்று வாரங்கள் வரை பாதிக் கூலி தர வகை செய்தது. சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். அதற்கும் முன்பே இங்கிலாந்தில் நெசவாளரும் பிற கைவினைஞரும் நட்புறவுச் சங்கங்கள் என்ற பெயரில் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, வாரந்தோறும் சில காசுகள் போட்டு, படுத்த அங்கத்தினருக்கு வாரப்படி கொடுத்து வந்தார்கள். நம் நாட்டிலேயே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில், ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கிறது. அதே நூலை ஆலையில் நூற்பவருக்கு இவ்வுரிமை உண்டு. அதை வீட்டுத் தறியில் நெய்பவருக்கு இல்லை. அவர் சங்கத்தின் அங்கத்தினரேயன்றிச் சங்கத்தின் தொழிலாளி அல்லர் என்பது காரணம். சட்டத்தின் பார்வையில் இது சரியாக இருக்கலாம். ஆனால் முதலாளி இல்லாத இடத்தில் முதலாளியின் கடமையும் மறைந்து போவதற்காகவா நாம் கூட்டுறவை அமைத்தோம்?

சங்கத்தின் சொந்த நலத்தைக் கருதினாலும் இது கவனிக்கத் தக்கது. நோய்வாய்ப்பட்ட நெசவாளர் முதலில் தம் சேமிப்பைத் தொடுகிறார். பின் நகையை வைக்கிறார். அதன்பின் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார். அதுவும் தீர்ந்தால் தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் வாங்கியவர் அந்தப் பணம் தீரும் வரை அவர் கொடுக்கும் பாவையே, அவர் சொல்லும் கூலிக்கே நெய்யவேண்டும். நம் சங்கங்களில் பெயரளவில் மட்டும் நிற்கும் தறிகளுக்குக் காரணம் தேடுவோர் இந்த வாசலையும் எட்டிப் பார்ப்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கே; ஒவ்வொரு சங்கமும் தன் எண்களை இட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சங்கத்தில் 200 நெசவாளர். ஒருவரது சராசரி நாட்கூலி 400 ரூபாய். ஆண்டில் 250 நாள் வேலை. அப்படியானால் ஒருவரது ஆண்டுக் கூலி ஒரு லட்சம் ரூபாய். நோயின் முதல் மூன்று நாட்களைத் தள்ளிவிட்டு, எஞ்சும் நோய் நாட்கள் சராசரியாக ஆளுக்கு ஆறு என்று கொள்வோம். அந்நாட்களுக்குப் பாதிக் கூலியாக 200 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆளுக்கு 1,200 ரூபாய், சங்கம் முழுவதற்கும் 2,40,000 ரூபாய் வேண்டும். கூலியில் ரூபாய்க்கு 1.2 பைசா பிடித்தால் இத்தொகை வந்துவிடும். 2 பைசா பிடித்தால் 4 லட்சம் சேரும். மிகுதி 1,60,000 ரூபாயைத் தீய ஆண்டுக்கென ஒதுக்கலாம். பதின்மூன்று வாரம் படுத்துவிட்ட ஓர் அங்கத்தினர் வாரத்துக்கு ஆறு நாளாக 15,600 ரூபாய் பெறுவார். இதே தொகையை மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால் மாதம் 468 ரூபாய் வட்டியே கட்டியிருப்பார்.

இதற்கு எழும் ஆட்சேபணைகளை நாம் அறிவோம். முதலாவது, நோயில்லாதவரும் நோய் என்பார் என்பது. இது வெறும் சந்தேகமன்று. ஜெர்மனியில் 1996-இல் நோய்க்கால ஊதியத்தை முழுக் கூலியிலிருந்து எண்பது சதவிகிதமாக்க வழி செய்தபோது விடுப்பு நாட்கள் குறைந்தன என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். 1999-இல் முழு ஊதியம் மீண்டும் வந்தது. கொடுப்பது தாராளமானால் கேட்பதும் தாராளமாகும் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே பாதிக் கூலி, அதனாலேயே முதல் மூன்று நாள் தள்ளுபடி. நெய்தால் 400, படுத்தால் 200 என்றிருக்கும்போது மாதக்கணக்கில் பொய்யாகப் படுப்பவர் அரிதாகவே இருப்பார். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதும் நமக்கொரு வசதி. நட்புறவுச் சங்கங்களில் நோயாளியைச் சென்று பார்த்து வர முறைவைத்து அங்கத்தினரை அனுப்புவார்கள். பழம் கொண்டுபோய் நலம் விசாரிப்பதும் அதுவே, சோதனையும் அதுவே. இதை மனம் நோகாமல் செய்ய நம் ஊர்களில் தெரிந்தவர் பலர் உண்டு.

இரண்டாவது ஆட்சேபணை வலுவானது. 200 பேர் கொண்ட சங்கம் சிறியது. ஒரே ஆண்டில் நான்கைந்து பேர் நெடுநாள் படுத்தால் நிதி கரையும். 2020-இல் கொரோனா வந்தபோது கண்டதுபோல் ஊரே ஒன்றாகப் படுத்தால், சந்தா கொடுப்போர் யார், வாங்குவோர் யார் என்ற வேறுபாடே இராது. டவுன்செண்டின் முடிவை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்: தனி வீட்டின் துன்பத்தை ஊர் தாங்கும், ஊரின் துன்பத்தை ஊர் தாங்காது. எனவே தொடக்கச் சங்கங்கள் தத்தம் நிதியில் ஒரு பங்கை மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ பொதுவில் சேர்க்க வேண்டும். சிறு கோரிக்கைகளைச் சங்கமும், பெருங் கோரிக்கைகளைப் பொது நிதியும் ஏற்க வேண்டும். அரசாங்கத்தின் உதவியை நாட வேண்டிய இடம் அந்தப் பொது நிதியே. ஒவ்வொரு சங்கத்தின் அன்றாடப் பட்டுவாடாவிலும் அரசாங்க அனுமதிக்குக் காத்திருக்கும்படி அமைத்தால், நோயாளி குணமாகி நெய்யத் தொடங்கிய பின்பே பணம் வரும். சந்தா விருப்பத்துக்கு விடப்படாமல் எல்லா அங்கத்தினருக்கும் பொதுவாகக் கூலியிலேயே பிடிக்கப்பட வேண்டும் என்பதற்கு யசஸ்வினியின் மூன்றாம் ஆண்டே சான்று. உபவிதியில் திருத்தமும் பதிவாளரின் ஒப்புதலும் இதற்கு வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதே ஏற்பாடு பொருந்தாது. அவர்களுக்குக் கூலிப் புத்தகம் இல்லை; நாட்கள் எல்லாம் ஒரே மதிப்புடையனவும் அல்ல. அறுவடை முடிந்த மாதத்தில் பத்து நாள் படுத்தால் நட்டம் கொஞ்சம். களை எடுக்கும் வாரத்தில் படுத்தால் ஆண்டு முழுவதும் அதன் வடு தெரியும். இவர்களுக்குப் பணத்தைவிட ஆளே தேவை. பருவ வேலையின்போது நோயுற்ற அங்கத்தினரின் வயலுக்குச் சங்கச் செலவில் ஆள் அனுப்பி, விளைச்சல் வந்தபின் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். மற்றொன்று கடன் தவணை. நம் தொடக்க வேளாண்மைச் சங்கங்களில் பயிர்க்கடனை உரிய நாளில் திருப்பினால் வட்டியில்லை. நாள் தவறினால் அச்சலுகை போய்விடும். தவணை நாளுக்கு முந்திய மாதம் குடும்பத் தலைவர் மருத்துவமனையில் இருந்தார் என்பதற்குச் சான்று காட்டினால் தவணையைத் தள்ளி வைத்து, சலுகையை நிலைநிறுத்த வேண்டும். இதற்கு நிதிகூடத் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும்.

நோய் நாட்களுக்கு ஈடு கொடுப்பதோடு அந்நாட்களைக் குறைப்பதும் சங்கத்துக்கு இலாபமே. இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுக்கும் தொழிலாளருள் சோகை உள்ளவர்கள் மற்றவரைவிடக் குறைவாகவே பால் எடுத்தார்கள். அறுபது நாள் இரும்புச் சத்து கொடுத்தபின் அவர்களது வேலைத்திறன் கூடியது. இது 1979-இல் வெளியான செய்தி. அதே ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பற்றி வந்த ஆராய்ச்சியும் இதே திசையைக் காட்டியது. பின்னர் நடு ஜாவாவில் 2002 முதல் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த பரிசோதனை ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டிற்று. இரும்புச் சத்து குறைந்திருந்து மாத்திரை பெற்ற ஆண்களுள், சொந்தத் தொழில் செய்வோரின் வருமானம் உயர்ந்தது. பிறரிடம் சம்பளத்துக்கு உழைப்போரின் வருமானம் உயரவில்லை. கூடுதல் வலிமையின் பயன் வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுவோரையே நேராகச் சேர்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நெசவாளரும் சொந்த நிலத்தில் உழுபவரும் அந்த இனத்தவரே. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 சதவிகிதத்தினருக்குச் சோகை உள்ளது. நம் ஊர்களில் தார் சுற்றுவோரும் நாற்று நடுவோரும் பெரும்பாலும் பெண்களே. மாத்திரையை ஆரம்பச் சுகாதார நிலையம் இலவசமாகவே தருகிறது. கூலி வழங்கும் நாளன்று கிராமச் செவிலியரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து வைத்தால், சுகாதார நிலையம் சென்று வர ஒரு நாள் வேலையை இழக்கவேண்டிய தொல்லை இல்லாது போகும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து வருவதன் உண்மையான பயனும் இதுவே: மருந்தின் விலை முன்பும் இலவசந்தான், மிச்சமாவது வேலை நாள்.

நிர்வாக சபையினர் உடனே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளின் கூலிப் புத்தகங்களை எடுத்து, ஒவ்வோர் அங்கத்தினர் பெயருக்கு எதிரிலும் வாரக்கணக்கில் வெறுமையாக உள்ள இடங்களை எண்ண வேண்டும். அவற்றுள் சங்கம் நூலும் பாவும் கொடுக்காததால் தறி நின்ற வாரங்களைத் தனியே பிரித்துவிட வேண்டும். அந்தத் தொகை சில சங்கங்களில் வெட்கப்படும்படி இருக்கலாம் என்றாலும் அதையும் எழுதி வைப்பதே முறை. திருமணம், திருவிழா ஆகியவற்றுக்காக நின்ற நாட்களையும் கழிக்க வேண்டும். எஞ்சும் வாரங்களைப் பற்றி அந்தந்த வீட்டாரிடம் போய், படுத்தவர் யார், எத்தனை நாள், அப்போது அடுப்பு எதைக் கொண்டு எரிந்தது என்று கேட்டு எழுத வேண்டும். அப்பட்டியலை அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து வாசித்தால், ரூபாய்க்கு இரண்டு பைசா அதிகமா குறைவா என்பதை அங்கத்தினர்கள் தாமே முடிவு செய்துகொள்வார்கள்.